வாளி ஞாபகம் இருக்கு, கப்பல் பேரு ஞாபகம் இருக்கா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். ரிலீஸ், அது முடிஞ்சா ஹாட்ஃபிக்ஸ், அதுவும் முடிஞ்சா அடுத்த ரிலீஸ்னு டேமேஜர் விடாம துரத்தினதுல ப்ளாக் பாஸ்வேர்டே மறந்துபோச்சு. இன்னிக்கு ராத்திரி பதினொரு மணிக்கு உக்காந்து இதைத் தட்டுறதுக்குக் காரணம் ஒரே ஒரு வாட்ஸப் மெசேஜ்.

அனுப்பினவர் கூட வேலை பாக்குற நண்பர். நல்ல மனுஷன். புதுசா கேமரா வாங்கியிருக்கார். மெசேஜ் இதுதான்: "மச்சி, வர்ற சண்டே எங்க குரூப்போட ஃபோட்டோ வாக். காலைல காசிமேட்டுல மீன் ஏலம், அப்படியே எண்ணூர் முகத்துவாரம். பின்னாடி புகைபோக்கி, முன்னாடி வலை வீசுற பெருசு. செம ரா-வா இருக்கும். நீ அந்த ஏரியாதானே, கைடா வாயேன்."

ரா-வாம். யோவ், நாங்க அங்க குடியிருக்கோம்யா. பச்சையா எல்லாம் இல்ல, நல்லா வெந்துதான் கெடக்கோம்.

பதில் எதுவும் போடாம ஃபோனைக் கவுத்து வச்சுட்டேன். கோவம். ஆனா அரை மணி நேரம் கழிச்சு யோசிச்சுப் பாத்தா, அந்தக் கோவத்துல பாதி என் மேலயே. அது ஏன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. கூகிள் பாக்காம பதில் சொல்லணும், பிட் அடிக்கக் கூடாது.

கேள்வி ஒண்ணு: 2017 ஜனவரி கடைசியில எண்ணூர் கடல்ல எண்ணெய் கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா? ஜல்லிக்கட்டுக்காக மெரினால உக்காந்து எழுந்த அடுத்த வாரம். அப்போ பேப்பர்ல, டிவில வந்த படங்கள்ல என்ன இருந்துச்சு?

கேள்வி ரெண்டு: அந்த எண்ணெய் எந்தக் கப்பல்லருந்து கொட்டுச்சு?

முதல் கேள்விக்கு எல்லாரும் டக்குனு சொல்லிட்டிருப்பீங்க. வாளி. தார் மாதிரி கருப்பா இருக்குற கடலுக்குள்ள பசங்க இறங்கி பிளாஸ்டிக் வாளியால அள்ளுற படம். எங்க டீம்ல ஒன்பது பேர்கிட்ட கேட்டேன். ஒன்பது பேரும் வாளின்னாங்க. ரெண்டாவது கேள்விக்கு ஒருத்தர்கூட பதில் சொல்லல. "ஏதோ ரெண்டு கப்பல்பா" அப்படீன்னாங்க.

பதில் இதுதான். ஒரு கப்பல் பேரு பி.டபிள்யூ. மேப்பிள், சமையல் எரிவாயுவை இறக்கிட்டு வெளியே போய்க்கிட்டிருந்தது. இன்னொண்ணு டான் காஞ்சிபுரம், பெட்ரோலியச் சரக்கோட உள்ளே வந்துக்கிட்டிருந்தது. 2017 ஜனவரி 28 விடியறதுக்கு முன்னாடி, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டும் மோதிக்கிச்சு. எண்ணெய் கொட்டினது டான் காஞ்சிபுரத்துலருந்து. பேருலயே ஊரு இருக்கு, அப்பவும் ஒருத்தருக்கும் ஞாபகமில்ல.

இது உங்க தப்பு இல்ல. உங்களுக்குக் காட்டின படத்தோட தப்பு. எங்க ஊர்ல எடுக்கப்படுற படங்கள்ல அடிபட்டவன் முகம் தெளிவா இருக்கும், அடிச்சவன் ஃப்ரேமுக்கு வெளியே இருப்பான். கேப்ஷன்லயாவது அவன் பேரு இருக்கான்னு பாத்தா, 'வடசென்னையில் எண்ணெய்க் கசிவு'ன்னு இருக்கும். கசிவாம். வடசென்னை தானாவே ஒழுகிடுச்சு பாருங்க, வீட்டுக் கூரை மாதிரி.

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

நான் பொறந்து வளந்தது கத்திவாக்கம். மின்சார ரயில்ல திருவொற்றியூர், விம்கோ நகர் தாண்டினா எங்க ஸ்டேஷன், அடுத்தது எண்ணூர். 2011லதான் எங்களை மாநகராட்சியோட சேத்தாங்க. அதுவரைக்கும் நாங்க சென்னையே இல்ல. ஆனா 1970லருந்து எங்க ஊரு அனல்மின் நிலையத்துலருந்து கரண்ட் மட்டும் போய்க்கிட்டே இருந்துச்சு. 450 மெகாவாட். 2017 மார்ச்சோட அதை மூடிட்டாங்க. நைனா ஒப்பந்தத் தொழிலாளி. நாங்க மீனவக் குடும்பம் இல்ல, ஆனா என் கூடப் படிச்ச பசங்கள்ல பாதிப் பேர் குப்பத்துப் பசங்க. தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், எண்ணூர்க்குப்பம், காட்டுக்குப்பம்னு வரிசையா இருக்கு.

2017ல நான் இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டிருந்தேன். எண்ணெய் கரை ஒதுங்குதுன்னு கேள்விப்பட்டு நாங்க ஏழெட்டுப் பேர் எர்ணாவூர் பக்கம் போனோம். துறைமுகம் முதல் நாள் விட்ட அறிக்கையில சுற்றுச்சூழலுக்கு எந்தப் பாதிப்பும் இல்லன்னு இருந்துச்சு. நாங்க போய் நின்னப்போ பாறை இடுக்கு முழுக்க களி மாதிரி கருப்பு. எண்ணெய் அவ்வளவு கெட்டி, பம்பு வச்சு உறிஞ்சினா சரியா வரல. அதனாலதான் வாளி. அள்ளி, கை மாத்தி, பீப்பாயில ஊத்தணும். நாத்தத்துல தலை சுத்தும். ரெண்டு நாள் அள்ளினேன். மூணாவது நாள் உடம்பு முடியாம கரையில உக்காந்து ஃபோனை எடுத்தேன்.

என் கூடப் படிச்சவனோட அண்ணன் ஒருத்தர், தாழங்குப்பத்துக்காரர், தொழிலுக்குப் போக முடியாம அவரும் அள்ளிக்கிட்டிருந்தார். இடுப்பளவு தண்ணியில. மார்பு வரைக்கும் கருப்பு. முகத்துல ஒரு பக்கம் மட்டும் வெயில். ஒரு கையில வாளி. நான் கூப்பிட்டதும் திரும்பிப் பாத்தார். க்ளிக். உண்மையைச் சொல்லணும்னா அது நல்ல படம். இன்னிக்கும் எனக்கு அதை விட நல்லா ஒரு படம் எடுக்க வரல.

அன்னிக்கு ராத்திரி ஃபேஸ்புக்ல போட்டேன். 'இதுதான் டிஜிட்டல் இந்தியா' அப்படீன்னு ஒரு கேப்ஷன். பயங்கர அறிவாளித்தனம்னு நெனப்பு. பிச்சுக்கிட்டுப் போச்சு. யார் யாரோ ஷேர் பண்ணாங்க, பெரிய பெரிய பக்கங்கள் எல்லாம் என் பேரை வெட்டிட்டுப் போட்டாங்க. எனக்கு வந்த ஒரே கவலை, 'அடப்பாவிகளா, கிரெடிட் குடுக்கலையே!'

ரெண்டு வாரம் கழிச்சு அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி மீன் விக்கிறவங்க, கூடை எடுத்துக்கிட்டு மணலி பக்கம் போவாங்க. என்னைப் பாத்ததும், "இன்னா தம்பி, அந்தப் படம் நீ புட்ச்சதாமே?" ன்னாங்க. நான் பாராட்டப் போறாங்கன்னு நெனச்சு பல்லைக் காட்டினேன்.

"வாடிக்கை வூட்ல எல்லாம் ஃபோனைக் காட்டுறாங்க தம்பி. 'இது உன் புருசன் தானே, இந்தத் தண்ணியில புட்ச்ச மீனா?'ன்னு கேக்குறாங்க. ஒரு வாரமா கூடை அப்படியே திரும்புது. ஐஸ் காசுகூட வரல."

அவங்க வித்த மீன் எண்ணூர் மீன்கூட இல்ல. அண்ணன்தான் தொழிலுக்கே போகலையே. காசிமேட்டுல ஏலத்துல எடுத்து வித்தாங்க. ஆனா படம் அதைச் சொல்லாதே. எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. அண்ணன் திட்டவெல்லாம் இல்ல. ஃபோனை வாங்கி அந்தப் படத்தை ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் கேட்டார்:

"இதுல கப்பலு எங்கப்பா? நான்தான் எண்ணெய ஊத்துன மாதிரி நிக்கிறேன்."

கொசுவத்தி இன்னும் முடியல. 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழையில எண்ணூர் முகத்துவாரத்துல மறுபடியும் எண்ணெய். இந்தத் தடவை கப்பல் இல்ல. மணலி சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை வளாகத்துலருந்து வெள்ளத்தோட பக்கிங்காம் கால்வாய் வழியா வந்ததுன்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்துல சொல்லுச்சு. படகு, வலை, வீட்டுச் சுவர், கொக்கு, நாரை எல்லாத்து மேலயும் அதே கருப்பு. அந்த வாரம் எங்க அப்பார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்ல 'எண்ணூர் இன்று காலை' அப்படீன்னு ஒரு படம் வந்துச்சு.

நான் எடுத்த படம். அதே அண்ணன், அதே வாளி, அதே பாதி வெயில். ஆறு வருஷம் பழசு.

இங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. வேற வருஷம், வேற இடம், வேற காரணம், வேற குற்றவாளி. ஆனா படம் கச்சிதமாப் பொருந்துது! ரெண்டு வேற வேற குற்றத்துக்கு ஒரே படத்தைச் சாட்சியா வைக்க முடியுதுன்னா, அந்தப் படம் எதுக்குமே சாட்சி இல்லன்னுதானே அர்த்தம்? நம்ம பாஷையில சொன்னா, பதிப்பு எண் இல்ல, லாக் இல்ல, எந்த மாட்யூல்னு இல்ல, 'ஏதோ உடைஞ்சிருக்கு, பாக்கவே பாவமா இருக்கு'ன்னு மட்டும் எழுதின பக் ரிப்போர்ட். அந்த மாதிரி டிக்கெட் வந்தா நாம என்ன பண்ணுவோம்? 'தகவல் போதாது'ன்னு போட்டு மூடிடுவோம். எங்க ஊரு டிக்கெட்டையும் எல்லாரும் அப்படித்தான் மூடிக்கிட்டிருக்காங்க.

இது ஏதோ இன்ஸ்டாகிராம் வந்தப்புறம் வந்த வியாதின்னு நெனச்சுடாதீங்க. இதே மெட்ராஸ்ல இதுக்கு நூத்தம்பது வருஷ பாரம்பரியம் இருக்கு.

1876லருந்து 1878 வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்துல பெரும் பஞ்சம். தாது வருஷப் பஞ்சம்னு வீட்ல பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. லட்சக்கணக்குல செத்தாங்க. வில்லோபி வாலஸ் ஹூப்பர்னு மெட்ராஸ் ராணுவத்துல ஒரு வெள்ளைக்கார அதிகாரி அதைப் படம் எடுத்தார். இணையத்துல தேடினா இன்னிக்கும் கிடைக்கும். மனசு திடமா இருந்தா பாருங்க. எலும்பும் தோலுமா இருக்குறவங்களை வரிசையா உக்கார வச்சு, பெரியவங்க பின்னாடி, குழந்தைங்க முன்னாடி, கல்யாண வீட்டு குரூப் ஃபோட்டோ மாதிரி. அந்தக் காலத்துக் கேமராவுக்கு ஆடாம அசையாம இருக்கணும். நிக்கவே தெம்பில்லாதவங்களை அசையாம இருக்கச் சொல்லி எடுத்த படங்கள் அவை. ஒருத்தருக்கும் பேரு கிடையாது.

அந்தப் படத்துல இல்லாதது என்ன தெரியுமா? பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவங்களுக்குக் கூலியா ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும்னு வெட்டினாரே சர் ரிச்சர்ட் டெம்பிள், அவர் இல்ல. ஒரு பவுண்டுன்னா அரைக்கிலோகூடக் கிடையாது, அதை வச்சுக்கிட்டு மண்ணு வெட்டணும். அதே வருஷங்கள்ல இந்தியாவுலருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏத்திக்கிட்டுப் போன கப்பலும் அதுல இல்ல. 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில விக்டோரியாவுக்குப் பேரரசி பட்டம் கட்டின தர்பார் விருந்தும் இல்ல. விலா எலும்பு மட்டும் இருக்கு. பாக்குறவங்களுக்கு 'ஐயோ பாவம், மழை பெய்யல போல'ன்னுதான் தோணும்.

இதே ஹூப்பர், 1886ல பர்மாவுல மாண்டலேயில கைதிகளைச் சுட்டுக் கொல்றப்போ, படம் சரியா விழணும்னு சுடுற உத்தரவைத் தாமதிச்சார்னு குற்றச்சாட்டு வந்து விசாரணையே நடந்துச்சு. லைட்டிங் முக்கியம் பாருங்க.

நான் ஹூப்பர் அளவுக்குக் கொடூரன் இல்லதான். ஆனா அன்னிக்கு அந்த அண்ணனைக் கூப்பிட்டுத் திரும்பவச்சது எதுக்கு? முகத்துல வெயில் விழணும்னு.

சரி, 'அப்போ படமே எடுக்கக் கூடாதா?'ன்னு பின்னூட்டத்துல கும்ம வரிஞ்சு கட்டிட்டு வர்றது தெரியுது. நான் அப்படிச் சொல்லவே இல்ல. 'பாதிப்பு இல்ல'ன்னு துறைமுகம் சொன்ன அந்த அறிக்கையை ஒண்ணுமில்லாம ஆக்கினதே கரையிலருந்து வந்த படங்கள்தான். படம் இல்லன்னா 2017ல ரெண்டு கப்பல் லேசா உரசிக்கிச்சுன்னு அதோட முடிஞ்சிருக்கும். 2023 டிசம்பர் 26 நடுராத்திரி பெரியகுப்பத்துல கோரமண்டல் உர ஆலையோட கடலடிக் குழாய்லருந்து அமோனியா கசிஞ்சு ஜனங்க கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடினப்போ, ஃபோன்ல எடுத்த வீடியோதான் விடியறதுக்குள்ள ஊருக்குச் சொல்லுச்சு. படம் வேணும். நிறைய வேணும். நான் கேக்குறது, கேமரா ஏன் எப்பவும் ஒரே பக்கம் திரும்புது?

அதுக்கு ஒரு சாதாரணக் காரணம் இருக்கு. கேட்.

எங்க ஊர்ல துறைமுகத்துக்கு கேட் இருக்கு, சுத்திகரிப்பு ஆலைக்கு கேட் இருக்கு, அனல்மின் நிலையத்துக்கு கேட் இருக்கு, உர ஆலைக்கு கேட் இருக்கு. எல்லா கேட்லயும் செக்யூரிட்டி இருக்கான், கேமராவைப் பாத்தா கையைக் காட்டி நிறுத்துவான். உள்ளே படம் எடுக்கணும்னா அனுமதி, கடிதம், மக்கள் தொடர்பு அதிகாரி, நாளைக்கு வாங்க. குப்பத்துக்கு கேட் கிடையாது. மக்கள் தொடர்பு அதிகாரியும் கிடையாது. வந்தவங்களை 'வாப்பா, தண்ணி குடிக்கிறியா'ன்னு கேக்குற ஆயாதான் இருக்கும். கேட் இல்லாத பக்கம்தான் கேமரா நுழையுது. நுழைஞ்சு ஆயாவோட சுருக்கத்தை க்ளோசப்ல எடுத்துட்டு, 'வடசென்னையின் முகம்'னு போட்டுட்டுப் போயிடுது. எடுத்தவர் கெட்டவர் இல்ல. அவருக்குக் கிடைச்சது அதுதான். ஆனா இப்படி வருஷக் கணக்கா நூறு பேரு, ஆயிரம் பேரு எடுத்தா, மொத்தமாச் சேந்து என்ன ஆகும்? இந்த ஊரு ஏதோ தானாவே அழுக்கான ஊரு, இந்த ஜனங்க பொறக்கும்போதே கருப்பெண்ணெயோட பொறந்தவங்கன்னு ஆயிடும். அப்புறம் அடுத்த ஆலையைக் கொண்டாந்து இங்க வைக்க யாருக்கும் கை கூசாது. ஏற்கனவே நாசமான இடம்தானேப்பா?

இதைத்தான் நான் சீரியஸாச் சொல்றேன். அழுக்குப் படம் எங்களை அவமானப்படுத்துதுங்கறது கூட ரெண்டாம்பட்சம். அடுத்த அழுக்குக்கு அதுவே அனுமதிச் சீட்டு ஆயிடுது.

கேட்டுக்கு வெளியிலருந்தே எடுக்கலாம், மனசு இருந்தா. கொசஸ்தலை ஆத்து மேல வடசென்னை அனல்மின் நிலையத்தோட சாம்பல் குழாய் போகுது. அது ஒழுகி, சாம்பல் படிஞ்சு, ஆறு மேடாகிப்போனது வெளியிலருந்தே தெரியும். காட்டுக்குப்பத்து மீனவர் ஒருத்தர் போட்ட வழக்குல 2022ல பசுமைத் தீர்ப்பாயம் மின்வாரியத்தைத்தான் பொறுப்பாக்குச்சு. அந்தக் குழாய் ஒண்ணும் மறைவா இல்ல. பாலத்துல நின்னாலே ஃப்ரேமுக்குள்ள வரும். ஆனா ஃபோட்டோ வாக் வர்றவங்க குழாயைத் தாண்டி, குழாய்க்குக் கீழ எறா தடவுற அக்காவைத்தான் ஜூம் பண்றாங்க. குழாய் காம்போசிஷனைக் கெடுக்குதாம்! ஒருத்தர் என்கிட்டயே சொன்னார். எடிட்டிங்ல அழிச்சுடலாம்னும் சொன்னார். அடப்பாவி, நீ அழிக்கிறது குற்றவாளியோட கைரேகைய்யா.

பொட்டி தட்டுறவங்களுக்கு ஒரு டிப்ஸ். வீட்டை விட்டுக்கூட வெளிய வர வேணாம். கூகிள் எர்த் திறந்து எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போங்க. பழைய படங்களைப் பாக்குற வசதியை எடுத்து வருஷத்தைப் பின்னாடி தள்ளுங்க. தண்ணி இருந்த இடம் எப்படி மண்ணாச்சு, சாம்பலாச்சுன்னு வருஷ வாரியாத் தெரியும். அதுல ஒரு மனுஷ முகம்கூட இல்ல. ஆனா நான் பாத்ததிலேயே எங்க ஊரைப் பத்தின உருப்படியான டாக்குமெண்டரி படம் அதுதான்.

முகத்தோடயும் நேர்மையா எடுக்க முடியும். முடியாதுன்னு சொல்றவங்களுக்கு ரெண்டு உதாரணம்.

ஒண்ணு, ஜப்பான்ல மினமாட்டா. அதுவும் எண்ணூர் மாதிரி கடலோர மீனவ ஊரு. சிஸ்ஸோங்கற ரசாயனக் கம்பெனி பல வருஷமா பாதரசக் கழிவை விரிகுடாவுல விட்டுச்சு. மீன் சாப்பிட்டவங்களுக்கு நரம்பு போச்சு, வயித்துல இருந்த குழந்தைக்கும் போச்சு. 1956ல நோயைக் கண்டுபிடிச்சும் 1968 வரைக்கும் கழிவு நிக்கல. யூஜின் ஸ்மித்தும் அவர் மனைவி ஐலீனும் 1971ல அங்க போனாங்க. சண்டே காலைல போய் மத்தியானம் பிரியாணிக்குத் திரும்பல, மூணு வருஷம் அங்கயே குடியிருந்தாங்க. நோயாளிங்களை எடுத்தாங்க. கூடவே ஆலையோட கழிவுக் குழாய், கம்பெனிக்காரங்களோட பேச்சுவார்த்தை, கோர்ட்டு, போராட்டம் எல்லாத்தையும் எடுத்தாங்க. கம்பெனி பேரைச் சொன்னாங்க. 1972 ஜனவரியில கம்பெனி ஆளுங்க ஸ்மித்தை அடிச்சு நொறுக்கினாங்க, கண்ணு பாதிச்சுது. குற்றவாளியை ஃப்ரேமுக்குள்ள கொண்டுவந்தா என்ன ஆகும்னு அதுலருந்தே தெரியுது.

அந்தத் தொகுப்புலயே ரொம்பப் பிரபலமான படம், ஒரு தாய் தன் ஊனமுற்ற மகளைக் குளிப்பாட்டுற படம். அந்த மகள் பின்னாடி இறந்துட்டாங்க. படம் மட்டும் உலகம் பூரா சுத்திக்கிட்டே இருந்துச்சு. மகளை இனிமே ஓய்வெடுக்க விடணும்னு பெத்தவங்க நெனச்சப்போ, 1998ல ஐலீன் அந்தப் படத்தைப் பத்தி முடிவு பண்ற உரிமையை அவங்ககிட்டயே குடுத்துட்டாங்க. உலகப் புகழ்பெற்ற படம்! அதுக்கே படத்துல இருக்குறவங்களுக்குச் சொல்லு உண்டுன்னா, என் ஃபேஸ்புக் லைக் எல்லாம் எந்த மூலைக்கு?

ரெண்டு, நம்ம ஆளு. எம். பழனிக்குமார். மதுரைக்காரர், அம்மா மீன் விக்கிறவங்க. 2017ல வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு பண்ணினவர். மலக்குழியில இறங்கிச் செத்துப்போனவங்களோட குடும்பங்களை வருஷக் கணக்கா எடுத்துக்கிட்டிருக்கார். ஒரு தடவை எடுத்துட்டு ஓடிப்போற ஆள் இல்ல, அந்தப் பிள்ளைங்களைத் திரும்பத் திரும்பப் போய்ப் பாக்குறவர். கொசஸ்தலை ஆத்துல கையாலயே எறா புடிக்கிற அக்காங்களைப் பத்தியும் எடுத்திருக்கார். இது எல்லாத்தையும் விட எனக்குப் புடிச்சது, வடசென்னைப் பிள்ளைங்க கையில கேமராவைக் குடுத்து 'நீ எடு'ன்னு சொல்லித்தர்றது. அவங்க எடுக்குற படத்துல சோறு இருக்கும், சிரிப்பு இருக்கும், கேரம் போர்டு இருக்கும், ட்யூஷன் இருக்கும். எங்க வீட்லயும் அதெல்லாம் இருக்கு சாமி. ஞாயித்துக்கிழமை காலைல நாங்க சோகமா கடலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறதில்ல. இட்லி சாப்பிட்டுட்டு டிவி பாக்குறோம்.

'உள்ளூர்க்காரன்தான் எடுக்கணும்னு சொல்றியா?'ன்னா, இல்ல. நானே உள்ளூர்க்காரன்தான், நான் பண்ணின லட்சணத்தை மேல சொல்லிட்டேன். வெளியூர்க்காரங்க ஒழுங்காப் பண்ணின உதாரணமும் இருக்கு. எண்ணெய் கொட்டுன அதே 2017 ஜனவரியில, அதுக்கு முன்னாடியே, கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடின 'சென்னை பொறம்போக்குப் பாடல்' வீடியோ வந்துச்சு. எங்க முகத்துவாரத்துலயே எடுத்தது. பாடறவர் மட்டும் இல்ல, சாம்பலும் புகைபோக்கியும் ஃப்ரேமுக்குள்ளயே இருக்கு. எந்த ஊர்லருந்து வர்றீங்கங்கறது பிரச்சனையே இல்ல. ஃப்ரேமை எங்க வெட்டுறீங்கங்கறதுதான்.

சரி, திட்டினது போதும். ஃபோட்டோ வாக் வர்ற அண்ணன்மார், அக்காமார், பத்திரிகை நண்பர்களுக்கு என் கோரிக்கைகள்:

1. பேரைக் கேளுங்க. 'வலை வீசும் முதியவர்'னு யாரும் கிடையாது. அவருக்கு ரேஷன் கார்டுல ஒரு பேரு இருக்கு. போடவான்னும் கேளுங்க. வேணாம்னா போடாதீங்க. படமே வேணாம்னா எடுக்காதீங்க.

2. கம்பெனி பேரைக் கேப்ஷன்ல போடுங்க. கப்பல்னா கப்பல் பேரு, ஆலைன்னா ஆலை பேரு. உறுதியாத் தெரியலைன்னா, யாரு யார் மேல குற்றம் சொல்றாங்கன்னாவது எழுதுங்க. 'வடசென்னையில்' அப்படீங்கறது இடம், எழுவாய் இல்ல.

3. தேதியைப் படத்து மேலயே எழுதுங்க. கேமரா உள்ளுக்குள்ள எழுதி வைக்கிற தேதி, இடம் எல்லாம் வாட்ஸப்ல போனா உதுந்துடும். என் படம் 2017லருந்து 2023க்கு அப்படித்தான் டிக்கெட் இல்லாம வந்து சேந்துச்சு.

4. ஒரு முகம் எடுத்தா, ஒரு கேட் எடுங்க. கேட்டை எடுக்க விடலைன்னா, எடுக்க விடாம நீளுற அந்தக் கையை எடுங்க.

5. பிரிண்ட் போட்டுக் கொண்டாந்து குடுங்க. படம் எடுத்தவங்க நூறு பேரு, திரும்பி வந்தவங்க ஒருத்தருமில்லன்னு அந்தக் குப்பத்துல எல்லா வீட்லயும் சொல்லுவாங்க.

என் விஷயத்துக்கு வர்றேன். அந்தப் பழைய படத்தை என் பக்கத்துலருந்து தூக்கிட்டேன். ஆனா இணையத்துல எங்கெங்க இருக்குன்னு எனக்கே தெரியாது. அண்ணிகிட்ட ஐஸ் காசு குடுக்கப் போனேன், வாங்கல. "வுடு தம்பி, நீ இன்னா பண்ணுவ"ன்னுட்டாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

நண்பருக்குக் கடைசியா பதில் போட்டேன். "வர்றேன். ஆனா காசிமேடு வேணாம். காலைல ஆறு மணிக்கு கத்திவாக்கம் ஸ்டேஷன்ல நிக்கிறேன். முதல்ல சாம்பல் குழாய், அப்புறம் நாலு கேட், அப்புறம் தாழங்குப்பத்துல ஒரு வீட்ல டீ. அவங்க சரின்னு சொன்னா மட்டும் படம்."

ரெண்டு நீல டிக் விழுந்துடுச்சு. பத்து நிமிஷம் கழிச்சு பதில்: "மச்சி, கேட்டை எல்லாம் எடுத்துட்டு குப்பத்துக்குப் போறதுக்குள்ள லைட் போயிடுமே?"

போகட்டுமே நண்பா.

எதுக்கும் ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குப் போய் நிக்கத்தான் போறேன். பதிவர்கள் யாராவது வர்றதா இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. டீ என் செலவு.

பி.கு: அண்ணன் வீட்ல கேட்டுட்டுத்தான் இதை எழுதினேன். "பேரு வேணாம், ஊரு பேரு போட்டுக்கோ. கப்பலு பேரைப் பெருசாப் போடு" ன்னார். போட்டுட்டேன்ணே.